காலுக்குள் துடிக்கும் கெண்டை

மீனும் மிருகமும் மனுஷரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சடைச்சி என்றொருத்தி வற்றிப்போன குளத்துக்குள் உட்கார்ந்து, ஊற்றுத் தண்ணீரைச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

அப்போதெல்லாம் மனுஷருக்கு முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. கொக்குக்கால் மாதிரி எலும்பும் தோலும்தான். நடக்கலாம், ஓட வராது. குதிகாலைத் தூக்கக்கூட முடியாது. அதனால் சிறுத்தை மனுஷரைத் துரத்துவதே இல்லை. பின்னாலேயே நடந்து வந்து எடுத்துக்கொள்ளும்.

அன்றைக்கும் கரைமேல் வந்து நின்றது.

"தண்ணி மோந்து முடி, தாயி. எனக்கொண்ணும் அவசரமில்ல. பிள்ளைய மட்டும் இறக்கி வச்சிட்டுப் போனாலும் சரிதான்."

சடைச்சி பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

காலடிச் சேற்றில் இரண்டு கெண்டைகள் வாயைப் பிளந்து கிடந்தன. "அக்கா, நாங்களும் சாகத்தான் கெடக்கோம்," என்றது பெரியது. "உன் காலுக்குப் பின்னால தோலுக்குள்ள எங்கள வச்சுக்க. வாலடிச்சு உன்னைத் தள்ளுறோம். ஆத்துல விட்டுடணும்."

"விட்டுடுறேன். பிள்ளை மேல ஆணை."

சிப்பி ஓட்டால் தோலைக் கீறி, காலுக்கு ஒன்றாக நுழைத்தாள். தலை முழங்காலுக்குக் கீழே அமர்ந்தது. வால் குதிகாலைப் பற்றிக்கொண்டது. வால் சுண்டச் சுண்டக் குதிகால் எழும்பியது. மனுஷப் பிறவி ஓடியது அதுதான் முதல் தடவை. சிறுத்தையின் மூச்சு முதுகில் சுட்டது.

ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றாள். சிறுத்தை கரையில் உட்கார்ந்துகொண்டது.

"அக்கா, தண்ணி வந்துடுச்சு. தோலைத் திற."

சடைச்சி சிறுத்தையைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். "இன்னைக்கு ஒருநாள் பொறுங்க," என்று முந்தானையைக் கிழித்து, கீறல்மேல் இறுகக் கட்டிக்கொண்டு அக்கரை ஏறி ஓடினாள்.

மறுநாள் கட்டை அவிழ்த்தாள். தோல் ஒட்டிப்போயிருந்தது. திரும்பக் கீற அவளுக்குக் கை வரவில்லை.

உள்ளேயிருந்து கெண்டை மெதுவாகத்தான் பேசியது. "சரிக்கா. இங்கேயே இருக்கோம். ஆனா உடம்புல தண்ணி குறைஞ்சா துடிப்போம். ஓடுற நேரம் பார்த்துத் துடிப்போம். சொல்லிட்டுத் துடிக்க மாட்டோம்."

சடைச்சி பயந்துபோய்ப் பிள்ளையின் காலைத் தடவினாள். அங்கேயும் சின்னதாக இரண்டு நெளிந்தன.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இது. வேர்க்க வேர்க்க ஓடி முந்துகிறவன்கூட, எல்லைக் கோட்டுக்கு நாலடி இருக்கும்போது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுகிறான்; தண்ணீர் கொடுத்து, நீவிவிட்டு, கெஞ்சாத குறையாகத் தாங்கினால்தான் உள்ளே இருப்பது அடங்குகிறது.