பாட்டிலை நம்பாதவர்

"மேடம், சீழ் நின்னுடுச்சு. குழாயை எடுத்துடலாமா?" என்று கேட்டார் டாக்டர் இன்பராஜ்.

சிறிய ஊரில் கிளினிக் வைத்திருந்தவர், நெஞ்சுநோய் வைத்தியம் கற்க வந்திருந்தார். கற்றுத்தரும் வேதநாயகி அவரைவிட வயதில் இளையவர். அதில் அவருக்கு உள்ளூர ஓர் உறுத்தல்.

கட்டிலில் பந்தல்காரர் சுடலைமுத்து. நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டி, விலாவில் குழாய் செருகியிருந்தது. அதன் மறுமுனை தரையிலிருந்த பாட்டில் தண்ணீருக்குள் இருந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை.

"காய்ச்சல்?"

"லேசா இருக்கு."

வேதநாயகி பாட்டிலருகே குந்தினார்.

"அண்ணாச்சி, இருமுங்க."

இருமினார். இருமலுக்கு ஏறி இறங்க வேண்டிய தண்ணீர் குழாய்க்குள் அசையாமல் நின்றது.

"கிணறு வத்திடுச்சா சார், கயிறு அறுந்துடுச்சா?"

குத்திக்காட்டுகிறாள் என்றே நினைத்தார் இன்பராஜ். ஆனாலும் குழாயில் உப்புநீர் ஏற்றிப் பார்த்தார். அடைப்பு விட்டுச் சீழ் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

எடுத்திருந்தால் மனுஷனைக் கொன்றிருப்பேனே!

சூடு கண்ட பூனை அடுப்படி போகுமா? அதற்கப்புறம் அவர் எதையும் நம்பவில்லை. தெர்மாமீட்டரை மாற்றச் சொன்னார். நர்ஸ் பார்த்த காய்ச்சலைத் தானே மறுபடி பார்த்தார்.

சில நாளில் சீழ் மீண்டும் நின்றது. இம்முறை தண்ணீர் ஒழுங்காக ஏறி இறங்கியது. காய்ச்சல் இல்லை. ஸ்கேனும் சுத்தம்.

"எங்கயாவது ஒளிஞ்சிருக்கும் மேடம். குழாய் இருக்கட்டும்."

"வாசல் வழியா எல்லாரும் வெளிய மட்டும்தான் போவாங்களா சார்?"

இன்பராஜுக்குப் புரிந்தது. புதுக் கிருமி அந்தக் குழாய் வழியாகவே உள்ளே ஏறலாம். எடுத்தாலும் பயம், விட்டாலும் பயம்.

"எதைத்தான் நம்புறது மேடம்?"

வேதநாயகி உதட்டில் விரல் வைத்தார். திரைக்கு அந்தப் பக்கம் சுடலைமுத்து மனைவியை வைதுகொண்டிருந்தார்.

"ஏட்டி, மூணு வேளையும் கஞ்சியவே ஊத்துனா நான் பந்தக்கால் நடுவனா இல்ல நானே பந்தக்காலா நிப்பனாட்டி, உங்கப்பன் வீட்டுல உப்புன்னு ஒண்ணு கண்டதே கெடையாதாட்டி, நாளைக்கி மட்டும் மீன் வரல, நானே எந்திரிச்சு கடைக்குப் போயிருவேன் பாத்துக்க!"

வந்த அன்று 'தண்ணி' என்று கேட்பதற்குள் இரண்டு முறை மூச்சிரைத்த மனிதர்.

எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார் இன்பராஜ்.

வாங்கவில்லை.

குழாயை எடுக்கக் கையுறையை மாட்டிக்கொண்டார்.