வற்றும் குளத்தில் நடை பழகிய கரடி

இலுப்பைக்காட்டுக் குளத்தருகே மொந்தன் என்றொரு கரடி இருந்தான். தேன் என்றால் அவனுக்கு உயிர். ஒருநாள் உயரத்தில் தொங்கிய தேனடையை எட்டிப் பிடிக்கப் போனான். அவன் நின்ற கிளை மடாரென்று முறிந்தது. தேனடை மேலேயே இருந்தது. மொந்தன் மட்டும் கீழே வந்து சேர்ந்தான்!

இடது பின்னங்கால் முறிந்துவிட்டது. அவன் மனைவி சடைச்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழுதுகொண்டே போய் முள்ளம்பன்றி வைத்தியரைக் கூட்டி வந்தாள். அவர் மூங்கில் பத்தை வைத்து, கொடியால் இறுக்கிக் கட்டினார். இரண்டு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தார்.

"எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. இனி மெதுவாக நடக்கப் பழகு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மொந்தன் காலை ஊன்றினான். "ஐயோ, வலிக்குதே!" என்று காடே அதிரக் கத்தினான்.

சடைச்சிக்கு மனசு தாங்கவில்லை. "ஊனாதீங்க மச்சான்! நான் எதுக்கு இருக்கேன்?" என்று ஓடி வந்தாள்.

கரடிகள் குட்டியை முதுகில் சுமப்பது வழக்கம். சடைச்சி புருஷனையே சுமந்தாள்! குளத்துக்குச் சுமந்தாள், நிழலுக்குச் சுமந்தாள். கறையான் புற்றைப் பெயர்த்து வந்து அவன் மூக்கடியில் வைத்தாள். இலுப்பைப் பூவை வாயில் ஊட்டினாள். மொந்தனும் ராஜா மாதிரி சாய்ந்துகொண்டு, "கொஞ்சம் இந்தப் பக்கம் ஊட்டு புள்ள" என்றான். தொப்பை பெருத்தது. கால் மட்டும் நாளுக்கு நாள் சூம்பிப்போனது. ஆசையாகப் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது தெரியுமா? சடைச்சிக்குத் தெரியவில்லை.

கோடை வந்தது. குளம் வற்றத் தொடங்கியது. மான்களும் முயல்களும் மலைக்கு அப்பால் இருக்கும் ஆற்றுக்குக் கிளம்பின. போகிற வழியில் வழுக்குப்பாறை என்று ஓர் இடம். ஒருபக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம். ஓர் ஆள் நடக்கும் அகலம்தான் பாதை.

"நான் தூக்கிட்டுப் போயிடுவேன் மச்சான்" என்று சடைச்சி அவனைச் சுமந்து மேடேறிப் பார்த்தாள். பாதி மேட்டில் முழங்கால் மடங்கியது. இருவரும் உருண்டு, விழுந்த வேகத்தில் குளத்துச் சேற்றில் வந்து நின்றார்கள். சடைச்சிக்கு அப்போதுதான் பயம் வந்தது. குளம் வற்றினால் இங்கே குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இருக்காது. இவனை விட்டுவிட்டுப் போகவும் அவளால் முடியாது. சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

குளத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த நாரை நெடுங்காலி திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டி அழறே?"

"இவருக்குக் கால் வரலை அக்கா. குளம் வேற வத்துது!"

நெடுங்காலி பக்கத்தில் வந்து மொந்தனின் காலை அலகால் தட்டிப் பார்த்தாள். "எனக்கும் ஒருதரம் வலையில மாட்டிக் கால் முறிஞ்சது. எலும்பைக் கூட்டினது வைத்தியர். நடையைக் கூட்டினது நான்தான்! குளம் வத்துறது நல்லதுக்குத்தான்னு வெச்சுக்கோ" என்றாள்.

"நல்லதா!"

"இப்போ இடுப்பளவு தண்ணி இருக்கு. அது உன் புருஷன் பாரத்துல பாதியைத் தாங்கும். இன்னைக்கு அதுல நடக்கட்டும். தண்ணி குறையக் குறையக் கால் கொஞ்சம் கொஞ்சமா பாரம் வாங்கிக்கும். குளம் வத்துறதுக்குள்ள கால் தேறிடும்!"

"வலிக்குமே!" என்றான் மொந்தன்.

"இழுக்கிற வலின்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு நட. குத்துற வலின்னா நின்னுடு. விழுந்தா, நல்ல காலைக் கீழே கொடுத்து, கையை ஊனி எழுந்திரு." பிறகு சடைச்சி பக்கம் திரும்பினாள். "உனக்கு ஒரே வேலைதான். இவன் விழுந்தாலும் நீ தூக்கக் கூடாது!"

அதுதான் சடைச்சிக்குக் கஷ்டம். மொந்தன் தண்ணீரில் தள்ளாடினால் அவள் கைகள் தானாக நீண்டன. அதனால் கரையில் நின்ற மரத்தை உடும்புப் பிடியாகக் கட்டிக்கொண்டாள்.

"புள்ள, விழுந்துட்டேன்! வந்து தூக்கு!"

"எழுந்திருங்க மச்சான்."

"உனக்கு என்மேல பாசமே போச்சு!"

சடைச்சி மரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் நாரை வருவதற்குள் அவனைச் சுமந்து கரைச் சேற்றில் குளத்தைச் சுற்றி வந்துவிட்டாள்.

நெடுங்காலி வந்ததும், "இன்னைக்கு எத்தனை சுற்று?" என்று கேட்டாள்.

"பத்துச் சுற்று!" என்றான் மொந்தன் கூசாமல்.

"அப்படியா! சேத்துல சடைச்சி தடம் மட்டும்தானே இருக்கு! அதுவும் இவ்வளவு ஆழமா!"

சடைச்சி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆசையிலதான் அக்கா செஞ்சேன்."

"தெரியும்டி. அந்த ஆசைதான் அவன் காலைக் கட்டிப் போட்டிருக்கு" என்றாள் நெடுங்காலி. திட்டுகிற குரலில் சொல்லவில்லை. அதனால்தான் இருவருக்கும் உறைத்தது. மொந்தன் முனகிக்கொண்டே தானே தண்ணீருக்குள் இறங்கினான்.

அன்று நான்கு அடி நடந்தான். மறுநாள் ஏழு. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, இந்த அம்மியும் நகர்ந்தது! தண்ணீர் இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியபோது குளத்தை ஒருமுறை சுற்றினான். முழங்காலுக்கு இறங்கியபோது பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, பாரத்தை இடதுகாலுக்கு மாற்றிப் பழகினான். முதலில் ஒரு மூச்சு நேரம் நின்றான். பிறகு பத்து மூச்சு. தினமும் விழுந்தான். தினமும் எழுந்தான். சடைச்சி கட்டிப்பிடித்த மரத்தில் பட்டையே மிச்சமில்லை.

குளம் வெறும் சேறானது. மறுநாள் காலை இருவரும் புறப்பட்டார்கள். நெடுங்காலி மேலே பறந்து வழி காட்டினாள்.

வழுக்குப்பாறை வந்தது. கற்கள் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சடைச்சி முன்னால் நடந்தாள். மொந்தன் பின்னால் வந்தான். பாதி தூரம் போயிருப்பார்கள். சடைச்சியின் முதுகுக்குப் பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது. பள்ளத்தில் கற்கள் உருண்டன.

"மச்சான்!"

அவளால் திரும்ப முடியவில்லை. திரும்பும் அளவுக்குப் பாதையில் இடமில்லை. பாறையோடு ஒட்டி நின்றாள். கட்டிக்கொள்ள அங்கே மரமும் இல்லை. பின்னால் மொந்தன் மூச்சு வாங்குவது கேட்டது. நகங்கள் பாறையில் கீறும் ஓசை கேட்டது. 'நல்ல காலைக் கீழே கொடுங்க, கையை ஊனுங்க' என்று அவள் உதடுகள் முணுமுணுத்தன. சத்தமாகச் சொன்னால் பதறிவிடுவானோ என்று பயந்து, வாய்க்குள்ளேயே சொன்னாள்.

கீறும் ஓசை நின்றது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. சடைச்சிக்கு உயிரே போய்விட்டது.

அப்போது ஈரமான ஒரு மூக்கு அவள் முதுகை இடித்தது.

"நட புள்ள! வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறியே, எனக்குத் தாகமா இருக்கு!"

சடைச்சி அழுதாள், சிரித்தாள், நடந்தாள். பொழுது சாய்வதற்குள் இருவரும் நாலுநாலு காலில் ஆற்றங்கரை போய்ச் சேர்ந்தார்கள்.

நோயில் விழுந்தவரைச் சுமப்பது மட்டும் அன்பு ஆகாது. வலித்தாலும் அவர் தானாக எழுந்து நடக்கும்வரை பொறுமையாகப் பக்கத்தில் நிற்பதே நல்ல அன்பு.