அடுப்பில் விழுந்தவள்

"அம்மா, இந்தப் பயம் என்னை விட்டு எப்போ போகும்?" என்று செங்கமலம் கேட்டாள்.

அவளுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. குரு மெய்யம்மை அவளைவிட இளையவர். ஆனாலும் அந்த மலையடிவார மடத்தில் எல்லோருக்கும் அவர்தான் அம்மா.

"எதைக் கண்டு பயம்?"

செங்கமலத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. யாராவது பின்னால் வந்து நின்றால் உடம்பு வெலவெலத்துப் போகும். தங்கி வேலை பார்க்கும் மடத்துச் சமையற்கட்டில் எவர் கையிலிருந்து கரண்டி விழுந்தாலும், "என் தப்புதான்" என்று இவள் வாய் முந்திக்கொள்ளும். ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சத்தமாகச் சிரித்தார் என்பதற்காகவே வேண்டாம் என்றுவிட்டாள்.

இடது கையில் முழங்கைவரை பழைய தழும்பு. சின்ன வயதில் அடுப்பில் விழுந்துவிட்டதாக வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். யார் கேட்டாலும் அவளும் அதையேதான் சொல்வாள்.

"ஏதாவது விரதம் சொல்லுங்கம்மா. இருக்கேன்."

"ஏற்கெனவே வாயைக் கட்டித்தானே வளர்ந்திருக்கே?" என்றார் மெய்யம்மை.

அடுத்த பௌர்ணமி பூசைக்குத் தாண்டவராயர் வந்தார். செங்கமலத்தின் சித்தப்பா. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை எடுத்து வளர்த்தவர். தட்டு நிறையப் பழமும் பட்டும் கொண்டுவந்து குருவின் முன்னால் வைத்து வணங்கினார்.

மனைவி காலமாகிவிட்டாள், வீட்டில் பொங்கிப்போட ஆளில்லை, பெண்ணைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்றார். அவள் சிறு வயதிலிருந்தே கொஞ்சம் புத்தி பிசகினவள், மடத்துக்குத் தொந்தரவு வேண்டாம் என்றும் சொன்னார்.

கூட்டம் தலையாட்டியது. வளர்த்தவர் பெற்றவருக்குச் சமம் என்றார் ஒரு பெரியவர்.

மோர்ப்பானையோடு வந்த செங்கமலம் வாசலிலேயே நின்றுவிட்டாள். பானை நழுவி உடைந்தது.

"என் தப்புதான்," என்றாள்.

மெய்யம்மை ஆசனத்தை விட்டு எழுந்தார். இறங்கி வந்து, மோர் ஓடிய தரையில், கூட்டத்தோடு உட்கார்ந்தார். காலியான ஆசனத்தைக் கைகாட்டினார்.

"கேள்வி உன்னைப் பத்தினது, செங்கமலம். பதில் எனக்குத் தெரியாது. நீ சொல்லு, கேட்டுக்கிறோம்."

அவள் எப்படி நடந்து போனாள் என்று அவளுக்கே தெரியாது. ஆசனத்தில் உட்கார்ந்தாள்.

யாரும் அவசரப்படுத்தவில்லை. தாண்டவராயர்தான் சிரித்தார்.

"நான் சொல்லலே? இவ இப்படித்தான்."

"நான் அடுப்பிலே விழல," என்றாள் செங்கமலம்.

இடது கையை நீட்டித் தழும்பைக் காட்டினாள்.

"பால் பொங்கிருச்சு. கரண்டியைக் காய வெச்சு சூடு போட்டீங்க. அழக் கூடாதுன்னு வாயில துணியை அடைச்சீங்க. வைத்தியர் கேட்டப்போ அடுப்பிலே விழுந்துட்டாள்னு சொன்னீங்க. நான் விழல, சித்தப்பா."

அவள் குரல் நடுங்கியது. நடுங்கியபடியே தூண் தாண்டி வாசல்வரை கேட்டது.

பெரியவர் தலை குனிந்தார்.

"சின்ன வயசுலே நடந்ததை இன்னுமா பிடிச்சுக்கிட்டு இருக்கே?" என்றார் தாண்டவராயர்.

"உங்களுக்கு அது அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. எனக்கு இன்னிக்குக் காலைவரைக்கும் நடந்துக்கிட்டே இருந்துச்சு. நான் வரமாட்டேன்."

தாண்டவராயர் குருவைப் பார்த்தார். குரு செங்கமலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டமும் அவளைத்தான் பார்த்தது. யாரோ பழத்தட்டை எடுத்து தாண்டவராயர் கையில் கொடுத்தார்கள். படியிறங்கும்போது அவருக்கு யாரும் வழிவிட்டு எழுந்து நிற்கவில்லை.

செங்கமலம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மார்பிலிருந்து எதையோ இறக்கிவைத்தாற்போல் மூச்சு நீளமாக வந்தது. தரையில் கிடந்த பானை ஓடுகளைப் பார்த்தாள். மோர் சிந்தியிருந்தது, அவ்வளவுதான். சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தாள்.

பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. மெய்யம்மையிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"வயசானவர். அவரை மன்னிச்சுடுன்னு நீங்களாவது அவகிட்டே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அம்மா?"

மெய்யம்மை ஆசனத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா கேக்கிறார். என்ன சொல்லட்டும்?"

செங்கமலம் பெரியவரைப் பார்த்தாள்.

"எனக்குப் பசிக்குதும்மா," என்றாள்.

குரு எழுந்து போய் இலை போட்டார்.