கிளிக்கு எந்தப் பச்சை?

நிறங்களைப் பற்றி நூற்றுப் பதினேழு புத்தகம் படித்த ஒருவருக்கு ஒரு கிளிக்குப் பச்சை அடிக்க வரவில்லை. அவர் பெயர் ஐயம்பெருமாள். பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓவியம், வண்ணம் என்று எந்தப் புத்தகம் வந்தாலும் முத்திரை குத்தி எண் போட்டு, அலமாரிக்குப் போகும் முன்னால் அவர்தான் முதலில் படிப்பார்.

அவருடைய குருவுக்கு வயது முப்பத்து மூன்று. பெயர் ஜெசிந்தா. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவர். ஐயம்பெருமாள் அவரை டீச்சர் என்பார், அவர் ஐயம்பெருமாளை சார் என்பார். இரண்டு வருடமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

போன மாதம் டீச்சர் கைக்கு ஒரு கிளிக்கதை வந்தது. பதினாறு பக்கம். அதில் ஒன்பதாம் பக்கத்தை ஐயம்பெருமாளிடம் கொடுத்து, நீங்களே போடுங்க சார், உங்க பெயரும் வரும் என்று சொல்லிவிட்டார். அடுத்தவர் பெயர் போட்ட புத்தகங்களையே காலமெல்லாம் அடுக்கிய மனுஷனுக்குத் தன் பெயர் போட்ட புத்தகம் வருகிறது என்றால் சும்மாவா? அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் அவர் இரண்டு தடவை தெரு மாறிப் போனார்.

கொய்யா மரம், அதில் ஆறு கிளிகள். பென்சில் வேலை இரண்டே நாளில் முடிந்தது. கோடு அருமையாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பிடித்தது சனியன்.

எந்தப் பச்சை?

ஐயம்பெருமாளுக்கு எல்லாப் பச்சையின் வரலாறும் தெரியும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் சுவரில் ஒட்டும் தாளுக்கு அடித்த பச்சையில் பாஷாணம் இருந்தது தெரியும். செம்புக் களிம்பில் எடுத்த பச்சை நாளாக ஆகத் தாளையே அரித்துவிடும் என்று தெரியும். அவுரி நீலத்தில் அரிதார மஞ்சள் கலந்த பழைய ஏட்டுப் படங்கள் தெரியும். எது வெயிலில் வெளுக்கும், எது கறுக்கும், எது அடுத்த நிறத்தோடு சண்டை போடும், எல்லாம் தெரியும். தெரிந்த ஒவ்வொன்றும் ஒரு பச்சையைத் தள்ளிவைக்கத்தான் உதவியது.

ஒரு அட்டையில் கட்டம் கட்டமாக எண்பத்து நான்கு பச்சைகள் கலந்து அடித்து, கீழே எண் போட்டு வைத்தார். இருபது நாள் ஓடியது. கிளிகள் ஆறும் வெள்ளையாகவே உட்கார்ந்திருந்தன. சனிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும், படம் வராவிட்டால் ஒன்பதாம் பக்கத்தை வெறும் எழுத்தோடு விட்டுவிடுவோம் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் ஐயம்பெருமாள் தாளையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார். சரியாகத் தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ, முகம் அதைச் சொன்னது.

"டீச்சர், கிளிக்கு எது சரியான பச்சை?"

டீச்சர் அட்டையை வாங்கிப் பார்த்தார். எண்பத்து நான்கையும் பார்த்தார். அழகாகக் கட்டம் போட்டிருப்பதாகப் பாராட்டினார். பிறகு ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினார்.

"மார்க்கெட்டுக்குப் போயி ஏழு கட்டு கீரை வாங்கிட்டு வாங்க சார். ஏழும் ஏழு தினுசா இருக்கணும்."

குரு சொன்னால் சீடன் ஏன் என்று கேட்கக் கூடாது என்று ஐயம்பெருமாள் ஏதோ ஒரு புத்தகத்தில் படித்திருந்தார். போனார். அட்டையையும் கையோடு கொண்டுபோனார்.

கீரைக்காரி பேச்சியம்மாள் முன்னால் உட்கார்ந்து, சிறுகீரைக் கட்டு ஒன்றை எடுத்து அட்டைமேல் வைத்துப் பார்த்தார். நாற்பத்தொன்று. சந்தோஷமாக ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். அதற்குள் பேச்சியம்மாள் தண்ணீர் தெளித்துவிட்டாள். இப்போது அது முப்பத்தேழு. துடைத்துவிட்டு மறுபடி பார்க்கலாம் என்று வேட்டி நுனியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே கட்டியிருந்த படுதா காற்றில் ஒதுங்கி வெயில் விழுந்தது. ஐம்பத்திரண்டு.

மூன்று எண்ணையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். பேச்சியம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, கீரைக்கு ஜாதகப் பொருத்தமா பாக்கீக?"

பக்கத்துக் கடையில் சிரித்தார்கள். ஐயம்பெருமாள் ஏழு கட்டையும் பையில் திணித்துக்கொண்டு எழுந்துவிட்டார். திரும்பி வந்தபோது மணி பதினொன்றரை. கையிலிருந்த துண்டுத்தாளில் முப்பதுக்கு மேல் எண்கள், எல்லாம் அடிக்கப்பட்டிருந்தன.

டீச்சர் அதைக் கேட்கவே இல்லை. பையை வாங்கி அடுக்களைக்குப் போனார். கீரையை ஆய்ந்து அலசி, தனித்தனியாக நறுக்கி ஏழு தட்டில் வைத்தார். ஐயம்பெருமாளும் உட்கார்ந்து ஆய்ந்தார். கையில் எந்தக் கீரை என்றுகூடப் பார்க்கவில்லை. பச்சை கேட்க வந்தவனைக் கீரை ஆய வைத்துவிட்டாரே என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தார், அது உண்மை.

டீச்சர் அடுப்பில் சட்டியை வைத்து, எண்ணெய் காய்ந்ததும் சிறுகீரையைப் போட்டுக் கிளறினார்.

"சார், இங்க வந்து சட்டியைப் பாருங்க."

ஐயம்பெருமாள் எட்டிப் பார்த்தார்.

சூடு ஏறின கீரை ஒரு நிமிஷம் குப்பென்று பச்சை பிடித்தது. தோட்டத்தில் இருந்தபோதுகூட அதற்கு அந்தப் பச்சை இருந்திருக்காது. அறுபது வருடமாகக் கீரை தின்கிற மனுஷன், அது சட்டிக்குள் இப்படி ஆவதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நொடி இருங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு முன்னறைக்கு ஓடினார். அட்டையோடு ஓடி வந்தார்.

சட்டியில் கீரை சுருங்கிக் கறுத்துப்போயிருந்தது.

"போயிட்டே டீச்சர்."

"ஆமா சார்."

"திரும்ப வருமா?"

"அந்தக் கட்டுக்கு வராது."

டீச்சர் வெந்ததைக் கிண்ணத்தில் மாற்றினார். சட்டியைத் துடைத்து மறுபடி அடுப்பில் வைத்தார். ஐயம்பெருமாளின் கையிலிருந்த அட்டையை மெதுவாக வாங்கி எண்ணெய்ப் புட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, வண்ணப் பெட்டியையும் தூரிகையையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தார். பக்கத்தில் ஒன்பதாம் பக்கத்தை விரித்தார்.

ஐயம்பெருமாள் பதறிவிட்டார்.

"டீச்சர், இது அசல் தாள். வேற தாள்ல ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு..."

"அசல்தான் சார். கட்டு இன்னும் ஆறுதான் இருக்கு."

அரைக்கீரை சட்டியில் விழுந்தது.

ஐயம்பெருமாள் தூரிகையை நீலத்தில் தொட்டார், மஞ்சளில் தொட்டார், எவ்வளவு என்று பார்க்க நேரமில்லை. சட்டியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். முதல் கிளியின் முதுகில் வண்ணம் இறங்கியது. இறக்கை, வால். நிமிர்ந்தபோது கீரை கறுக்கத் தொடங்கியிருந்தது. தாளில் கறுக்கவில்லை.

ஐயம்பெருமாள் அடுத்த தட்டைத் தானே எடுத்து டீச்சரிடம் நீட்டினார்.

முளைக்கீரையில் ஒரு கிளி. பொன்னாங்கண்ணியில் ஒரு கிளி, அது கொஞ்சம் முரட்டுப் பச்சை. முருங்கைக்கீரை போட்டபோது, கிளறாதீங்க டீச்சர், ஒரு நிமிஷம் அப்படியே விடுங்க என்று குருவையே அதட்டினார். மணத்தக்காளிக்கு வந்தபோது பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அடுக்களை முழுவதும் ஆவி, நெற்றியெல்லாம் வியர்வை, வேட்டியில் மஞ்சள். இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்தவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை.

கடைசித் தட்டை எடுத்தபோதுதான் கவனித்தார். ஜாதகம் பார்த்த அவசரத்தில் வாங்கிவந்தது செந்தண்டுக்கீரை. இலை, தண்டு எல்லாம் சிவப்பு. டீச்சர் அதைச் சட்டியில் போட்டார். கருஞ்சிவப்பாகத் தண்ணீர் விட்டது. எவ்வளவு கிளறியும் பச்சை வரவில்லை.

மரத்தின் உச்சிக் கொப்பில் ஆறாவது கிளி வெள்ளையாக இருந்தது.

ஐயம்பெருமாள் சட்டியைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அடுப்பைத் தணித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் புட்டிக்கு அடியில் அட்டை இருந்தது, கைநீட்டினால் எட்டும்.

அவர் தூரிகையைக் கழுவினார். நீலத்தில் தொட்டார், மஞ்சளில் தொட்டார். செந்தண்டுச் சட்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருக்க, ஆறாவது கிளிக்கு முதுகு, இறக்கை, வால் என்று வரிசையாக அடித்து முடித்தார். அது மற்ற ஐந்தையும்விடத் துடியாக இருந்தது. இப்போதுதான் வந்து உட்கார்ந்த மாதிரி.

டீச்சர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு தாளைக் காயவைக்க முன்னறைக்கு எடுத்துப் போனார். நாளைக்கே பதிப்பகத்துக்கு அனுப்பிவிடலாம் என்று அங்கிருந்தே சொன்னார்.

ஏழு கட்டுக் கீரையை இரண்டு பேர் தின்ன முடியுமா? பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிண்ணம் கிண்ணமாகப் போனது. மிச்சத்தைச் சுடுசோற்றோடு வைத்துக்கொண்டு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இருபது நாளில் முதல்முறையாக ஐயம்பெருமாளுக்குப் பசித்தது. ஆனாலும் நூற்றுப் பதினேழு புத்தகம் அவ்வளவு சீக்கிரம் சும்மா இருக்குமா? சோற்றில் கை வைத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"டீச்சர், அந்த ஆறாவது பச்சை அச்சுல அப்படியே வருமா?"

"வராது சார். கொஞ்சம் மாறும்."

"சரி, அந்தத் தாள்லயாவது இருக்குமா? ஒரு பத்து வருஷம்?"

"வெளுத்துரும்."

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்?"

டீச்சர் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கீரை வைத்தார்.

"ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க சார்."