இரண்டும் ஆறும் எட்டு என்ற முள்ளம்பன்றி

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. அது கடைசியில் வரும். அதுவரை கூரப்பனைப் பற்றிக் கேளுங்கள்.

கூரப்பன் ஒரு முள்ளம்பன்றி. வெள்ளருவிக் காட்டில் ஒரு பாறைக்கு அடியில் அவன் வளை. வளைக்குள் ஒரு கணினி. அந்தக் காட்டில் எல்லோர் வீட்டிலும் கணினி இருந்தது. மின்சாரம் அருவியிலிருந்து வந்தது.

கூரப்பன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. முள் குத்தும், அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில்கூட அவனுக்கு இந்தப் பக்கம் இரண்டு இலை, அந்தப் பக்கம் இரண்டு இலை காலியாகவே கிடக்கும்.

ஆனால் ‘கோட்டைப் பாலம்’ என்று ஒரு கணினி விளையாட்டு இருந்தது. அதில் ஐந்து வீரர்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரு தொங்குபாலத்தைக் கடக்க வேண்டும். திரைக்குள்ளே யாருக்கும் முள் கிடையாது.

நீர்நாய்கள் நால்வர் ஓர் அணியாக அதை ஆடினார்கள். ஐந்தாவதாக ஆடிய மரநாய் கல்யாணம் முடிந்து அடுத்த மலைக்குப் போய்விட்டது. ஆள் வேண்டும் என்று அணித் தலைவி அயிரை, ஆற்றங்கரையில் நின்று கத்தினாள். கூரப்பன் முட்கள் கிலுகிலுவென்று குலுங்க ஓடிவந்தான்.

“அக்கா! நான் வர்றேன்! அந்தப் பாலத்துல கண்ணைக் கட்டிக்கிட்டே நடப்பேன்!”

“கண்ணைக் கட்ட வேணாம். உன் மெஷின் நிக்காம ஓடுமா, அதைச் சொல்லு. ஒருத்தன் படம் நின்னாலும் பாலம் அறுந்து அஞ்சு பேரும் ஆத்துல!”

“ஓடும்க்கா!”

“சனிக்கிழமை மத்தியானம் உன் வளைக்கு வர்றேன். மூணு தடவை பாப்பேன். மூணுலயும் விழுந்தா, தவளையைச் சேத்துக்குவேன்.”

கூரப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவன் கணினியில் இருந்த கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரையில் படம் வரைந்து தள்ளுகிற பலகை, அரதப் பழசு. அதன் நினைவகம் இரண்டே இரண்டு ஜிபி. பாலத்தில் பாதி தூரம் ஒழுங்காக வரையும். பிறகு நின்று யோசிக்கும். நல்லதாகப் புதிது வாங்க அவனுக்கு வசதி இல்லை.

வளை வாசலில் உட்கார்ந்து அவன் இதையெல்லாம் புலம்பியதை மரத்தின் மேலிருந்து ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். துடுப்புவால் கரிச்சான் என்ற கறுப்புப் பறவை. பழைய சாமான் வியாபாரி. யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே எடுத்துவிடுவான். மயில் குரலில் அகவி மயிலையே திரும்பிப் பார்க்க வைத்தவன்.

“தம்பி கூரப்பா! உன் பழைய கார்டைத் தூக்கிப் போட்டுடாதே. அது லட்சுமி! பக்கத்துலயே இன்னொண்ணைச் செருகு. இதோ பாரு, கீரி வீட்டுல ஓடின கார்டு. ஆறு ஜிபி. உன்னோடது ரெண்டு. இது ஆறு. சேந்தா எவ்வளவு?”

கூரப்பன் விரல் விட்டு எண்ணினான். “எட்டு!”

“நான் சொல்லலைப்பா. நீயே சொன்னே!”

“ஆனா அண்ணே, இது வேற கம்பெனி, அது வேற கம்பெனி. ஒத்துப் போகுமா?”

“உங்க அப்பா ஒரு மலை, அம்மா ஒரு மலை. ஒத்துப் போகலியா?”

“போகல அண்ணே. தினமும் சண்டை.”

“அது குடும்பம். இது மெஷின்!”

கூரப்பன் இன்னும் தயங்கினான். “போட்டுப் பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?”

“இல்லாமலா! இரு, கூப்பிடுறேன்” என்று சொல்லிக் கரிச்சான் இலைகளுக்குப் பின்னால் போனான்.

இலைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு மந்தி பேசியது. “யப்பா! ரெண்டு கார்டு போட்டேன்! கிளை தாவுற மாதிரி தாவுது!” அடுத்து ஒரு கரடி பேசியது. “ம்ம்ம். நல்லா… இருக்கு. தேனு… மாதிரி.” அடுத்து ஒரு கிழட்டு ஆந்தை பேசியது. “என் காலத்துல இதெல்லாம் இல்லியே!” மூவரும் ஒரே கிளையில் இருந்தார்கள். கரடி ஏறியும் அந்தக் கிளை வளையவில்லை. கூரப்பன் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்குப் புல்லரித்துவிட்டது. முள்ளம்பன்றிக்குப் புல்லரித்தால் பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான் ஆபத்து.

“என்ன தரணும் அண்ணே?”

“ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள். தினமும் காலையில மண்ணைக் கிளறிப் போடு. வர்ற பூச்சி, புழு, கரையான் எல்லாம் எனக்கு.”

கூரப்பன் ஒத்துக்கொண்டான். கார்டைச் செருகினான். கணினி ஓடியது. ஆனால் புதுக் கார்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

நடந்தது இதுதான். திரைக்குப் போகிற வயர் பழைய கார்டில் மாட்டியிருந்தது. ‘கோட்டைப் பாலம்’ வரைகிற வேலையை ஒரே ஒரு கார்டிடம்தான் கொடுக்கும். அது பழைய கார்டிடமே கொடுத்தது. ஆறு ஜிபி கார்டு பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. வேலை இல்லை, அதனால் சூடு இல்லை. சூடு இல்லை, அதனால் அதன் விசிறி சுற்றவில்லை. காற்று வருகிற வழியையும் அது அடைத்துக்கொண்டது. பழைய கார்டு முன்னைவிடச் சீக்கிரம் சூடாகி, முன்னைவிட அதிக நேரம் யோசித்தது.

மறுநாள் காலை கூரப்பன் மண் கிளறவில்லை.

“அண்ணே! புதுசு வேலை செய்யல. விசிறி சத்தமே கேக்கல!”

“விசிறி கீழ் பக்கம் பாத்துல்ல இருக்கு? எப்படிப் பாத்தே?”

“பாக்க முடியல. காதுலதான் கேட்டேன்.”

கரிச்சான் ஒரு நொடி யோசித்தான். “புது இடம்ப்பா. கூச்சப்படும். நீ போய் விளையாட ஆரம்பி. நான் வெளியே காவலுக்கு இருக்கேன்.”

கூரப்பன் உள்ளே போனான். கரிச்சான் வளைக்கு மேலே தொங்கிய கிளையில் உட்கார்ந்து, கழுத்தை உப்பவைத்து, கண்ணை மூடினான்.

“விர்ர்ர்ர்ர்ர்…”

“அண்ணே! சுத்துது! சுத்துது!”

அன்றிலிருந்து கூரப்பன் காலையில் மண் கிளறினான், கரிச்சான் தின்றான். பிற்பகலில் கூரப்பன் விளையாடினான், கரிச்சான் விசிறியாக இருந்தான். மூன்றாம் நாளே தொண்டை கட்டிவிட்டது. ஆனால் நான்காம் நாள் அதில் ஒரு ருசி வந்துவிட்டது. ஐந்தாம் நாள் மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும் விசிறி. ஆறாம் நாள் தூசி அடைந்த விசிறி. யாரும் கேட்கவில்லை, அவனாகவே செய்தான்.

படம் மட்டும் நின்று நின்றுதான் வந்தது. “ரெண்டும் பழகிக்கிட்டு இருக்கு” என்று கூரப்பன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

(சிரிப்பு இன்னும் வரவில்லை. சனிக்கிழமை வரட்டும்.)

சனிக்கிழமை மத்தியானம் அயிரை தன் மடிக்கணினியோடு வந்தாள். முள் படாமல் மூன்றடி தள்ளி உட்கார்ந்தாள். மற்ற நீர்நாய்கள் ஆற்றங்கரையில் தங்கள் கணினிகளோடு தயாராக இருந்தார்கள். மேலே கிளையில் விசிறி ஓடத் தொடங்கியது.

முதல் தடவை. ஐந்து பேரும் தோளோடு தோளாக ஓடினார்கள். பாதிப் பாலத்தில் கூரப்பனின் படம் நின்றது. பாலம் அறுந்தது. ஐந்து பேரும் ஆற்றில்.

இரண்டாம் தடவை. கால் பாலத்திலேயே நின்றது. ஐந்து பேரும் ஆற்றில்.

அயிரை எட்டி அவன் கணினிக்குள் பார்த்தாள். “டேய், எதுக்குடா ரெண்டு கார்டு?”

“ரெண்டும் ஆறும் எட்டு ஜிபி அக்கா!”

“எட்டும் இல்லை, பத்தும் இல்லை. இந்த விளையாட்டு ஒண்ணைத்தான் கேக்கும். பழசைக் கழட்டி எறி. வயரை ஆறு ஜிபி கார்டுல மாட்டு. அது ஒண்ணே உனக்குத் தாராளம்!”

“கழட்டினா ரெண்டு குறைஞ்சிருமே!”

“இப்ப உனக்கு ஆறு குறைஞ்சு ரெண்டுதான்டா ஓடுது!”

“இல்லக்கா. புதுசு உழைக்குது. சத்தம் கேக்கல?”

அயிரை காதைத் தீட்டினாள். உண்மையிலேயே கேட்டது. நல்ல சத்தம். “உன் இஷ்டம்” என்றாள்.

மூன்றாம் தடவை. பாலத்தில் முதல் பலகையில் கூரப்பன் கால் வைத்தான். படம் நின்றது. நின்ற படத்தில் இரண்டு நீர்நாய்கள் அவன் இரு தோள்களையும் உரசிக்கொண்டு நின்றார்கள். கூரப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஐந்து பேரும் ஆற்றில்.

“தவளைக்குச் சொல்லி அனுப்புறேன்” என்றாள் அயிரை. “வருத்தப்படாதே தம்பி. ஆட்டம் உனக்கு நல்லா வருது. மெஷின்தான் வரல.” போகிற போக்கில் அவன் கணினியை நிறுத்தி, கரெண்டு வயரையும் பிடுங்கிப் போட்டாள். “சூடு ஆறட்டும். எரிஞ்சுறப் போகுது.”

திரை இருண்டது. அயிரை போய்விட்டாள். வளைக்குள் கூரப்பன் மட்டும் இருந்தான்.

“விர்ர்ர்ர்ர்ர்…”

கூரப்பனுக்குக் கண் கலங்கியது. “கரெண்டே இல்ல. அப்பவும் உழைக்குதே, என் ராசா!” என்று ஆறு ஜிபி கார்டைத் தடவினான். ஆட்டம் போனாலும் ஒரு விசுவாசமான பொருளாவது மிஞ்சியதே என்று நினைத்தான். அதை மெல்லக் கழற்றி எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“விர்ர்ர்ர்ர்ர்… டக்… விர்ர்ர்ர்ர்ர்…”

கார்டைத் திருப்பிப் பார்த்தான். விசிறி சுற்றவில்லை. அதன் இறக்கைகளுக்கு நடுவில் ஒரு சிலந்தி வலை பின்னி, வலையில் முட்டையும் இட்டிருந்தது.

காதை வைத்துக் கேட்டான். சத்தம் அங்கிருந்து வரவில்லை.

கூரப்பன் கார்டைக் கையில் பிடித்தபடி வளைக்கு வெளியே வந்தான். மெதுவாகத் தலையைத் தூக்கினான். கிளையில் கரிச்சான் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, வாழ்நாளிலேயே மிகச் சிறந்த விசிறியாக ஓடிக்கொண்டிருந்தான்.

கூரப்பனின் முதுகில் முட்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

பொருந்தாத இரண்டைக் கூட்டிப் பார்த்து மகிழ்கிறவன், கையிலிருக்கும் நல்ல ஒன்றின் பலனையும் இழப்பான்.