தேக்குக் கதவும் மூன்று பொட்டும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்துக்கு ஒரு தேக்குக் கதவு இருந்தது. தன் மேல் அதற்கு நிறையவே பெருமை. ஒரே குறை, சாவி. அது மேனேஜரின் சட்டைப்பையில் இருக்கும். மேனேஜர் பஸ்ஸில் மாட்டிக்கொண்டால் அத்தனை பேரும் படிக்கட்டில் நிற்பார்கள். 'என் ஆட்களை நானே வெளியே நிறுத்துகிறேனே' என்று கதவுக்கு மானம் போகும்.

முதலாளி தெய்வானையம்மாளுக்கும் அது பொறுக்கவில்லை. சாவியில்லாமல் திறக்கும் கருவிகள் மூன்றை வரவழைத்து நிலையில் மாட்டினார்.

"ஆயுத பூசை முடியட்டும். எது தோதோ அது இருக்கட்டும், மத்ததெல்லாம் கடைக்கே போகட்டும்" என்றார்.

"முகத்தைக் காட்டினால் போதும், ஆயிரம் முகம் எனக்கு அத்துப்படி" என்றது கேமரா.

"முகத்தில் தாடி வளரும். ரேகை மாறுமா?" என்றது விரல்ரேகைக் கருவி.

ஓரத்தில் ஒரு எண் பெட்டி சும்மா இருந்தது. "உனக்கு என்ன தெரியும்?" என்று கதவு கேட்டது.

"நாலு எண்ணை அழுத்தினால் திறப்பேன். வேறொன்றும் தெரியாது."

மற்ற இரண்டுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

ஆயுத பூசையன்று தெய்வானையம்மாள் தன் கையாலேயே எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். கேமராவுக்கு நட்ட நடுக் கண்ணாடியில், பெரிதாக. ரேகைக் கருவிக்கு விரல் வைக்கும் இடம் முழுக்கச் சந்தனம். கிண்ணத்தில் மிஞ்சிய குங்குமத்தை எண் பெட்டியின் பொத்தான்களில் தடவிவிட்டார்.

"மரியாதை யாருக்கென்று பார்த்தாயா?" என்றது கேமரா.

மறுநாள் விஜயதசமி. சாம்பிள் சட்டைகள் உள்ளே இருந்தன, பார்சல் வண்டி தெருவில் நின்றது, மேனேஜரும் சாவியும் இன்னும் பஸ்ஸில். வண்டியைத் தவறவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும். ஆர்டரைப் பிடித்து வந்த சுகந்தி ஓடிவந்து கேமரா முன் நின்றாள்.

"யாரது? ஒன்றும் தெரியவில்லையே" என்றது கேமரா.

விரலை வைத்தாள். "சந்தனம் தெரிகிறது, ரேகையைக் காணோம்" என்றது ரேகைக் கருவி.

சுகந்திக்கு அழுகையே வந்துவிட்டது. "பொட்டைத் தொடைச்சுப் போடட்டுங்களா?"

"ஏனம்மிணி, நல்ல நாளும் அதுவுமா பூசைப் பொட்டைத் தொடைக்கறதா? என்ற கையால வெச்சதாக்கும்" என்றார் பின்னாலேயே வந்த தெய்வானையம்மாள். தெருவில் நின்ற வண்டியை ஒரு தரம் பார்த்தார். "அந்த நம்பர் பொட்டி இருக்குதே, அதை அமுக்கிப் பாரு."

எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்த நாலு எண்ணைச் சுகந்தி அழுத்தினாள். கதவு மார்பை விரித்துத் திறந்தது. விரலில் ஒட்டிய குங்குமத்தை அப்படியே நெற்றியில் இட்டுக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள். கதவு தானாகச் சாத்திக்கொள்ள, பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக எண்ணை அழுத்தி, பொட்டு இட்டுக்கொண்டு போனார்கள். சட்டைகள் வண்டி ஏறின.

"இதே இருக்கட்டும்" என்றார் தெய்வானையம்மாள்.

சாயங்காலம் கேமரா விடுவதாக இல்லை. "என் பொட்டு வைத்தபடியே இருக்கிறது. உன்னுடையது எங்கே?" என்று எண் பெட்டியைக் கேட்டது.

அதற்குக் கதவுதான் பதில் சொன்னது:

"உள்ளே, என் ஆட்கள் நெற்றியில்."