சேர்மன் பேச்சுக்கு விழுந்த பூட்டு

பேரூராட்சிக் கணினி மையத்தில் வேலை பார்க்கும் இசக்கியம்மாவுக்கு அன்றைக்கு நல்ல சோதனை. சேர்மன் ஆவுடையப்பனின் மேடைப்பேச்சை வீடியோ பிடித்து எடுத்துவந்தார் ஒரு மெட்ராஸ் கம்பெனிக்காரர். மையத்தில் இருப்பதோ யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளும் லினக்ஸ் கம்ப்யூட்டர். அதில் படமும் வரவில்லை, சத்தமும் வரவில்லை.

"ஓசி சிஸ்டம்னா இப்படித்தான். தூக்கிட்டு எங்களுதப் போடுங்க, ஆளும் நாங்களே தர்றோம்" என்றார் அவர்.

பக்கத்தில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்த சேர்மன் இசக்கியை முறைத்தார். "ஏ இசக்கி, நான் காப்பி குடிச்சு முடிக்கதுக்குள்ள என் பேச்சு இதுல கேக்கணும். இல்லன்னா மிஷினோட நீயும் வீட்டுக்குப் போ."

இசக்கி கம்பெனிக்காரரிடம் பணிவாகக் கேட்டாள். "சார், இது ஏன் எங்க மிஷின்ல திறக்கல?"

"இந்த வீடியோவைப் பதிஞ்சிருக்கற ஃபார்மேட் எங்க காப்புரிமை! எங்க அனுமதி இல்லாம எவனும் திறக்கக் கூடாது."

"பேசினவுக கேட்டாலுமா?"

"யாரா இருந்தா என்ன?" என்று நெஞ்சை நிமிர்த்தினார் அவர்.

இசக்கி சேர்மன் பக்கம் திரும்பினாள். "ஐயா, சாரைக் கொஞ்சம் கும்பிட்டுக் கேளுங்க. அவுகளுக்கு மனசு வந்தா உங்க குரல் உங்களுக்குக் கேக்கும்."

காப்பி டம்ளர் ணங்கென்று மேசையில் இறங்கியது. "என் பேச்சுக்கு இவன் பூட்டா? மைக்கை எடு பிள்ளே!"

சேர்மன் ஒன்றரை மணி நேரம் பேசித் தீர்த்தார். எவரும் திறக்கக்கூடிய ஃபார்மேட்டில் இசக்கி அதைப் பதிந்து போட, கம்ப்யூட்டர் பிசிறில்லாமல் பேசத் தொடங்கியது. கம்பெனிக்காரர் பையோடு வாசலுக்கு நழுவினார்.

"எங்கவே போறீரு?" என்றார் சேர்மன். "உக்காந்து முழுசாக் கேளும். இதுக்கு யார் அனுமதியும் வேண்டாம்."